இருப்புப்பாதை சொல்லும் இடம்

நுழையும்முன்

வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய ஒளிப்படம் ஒன்று. அதில் ஊர்ப்பெயர் இல்லை. எடுத்த நாள் இல்லை. எடுத்தவர் பெயரும் இல்லை. மலைச்சரிவும் ஓடையும் ஓர் இருப்புப்பாதையும் மட்டுமே தெரிகின்றன. அந்த இடம் எது என்று கண்டறிய முடியுமா? உற்றுநோக்கல், அளத்தல், ஒப்பிடல், விலக்கல் ஆகிய நான்கு படிகளில் அதற்கு விடை காணலாம். பெயரற்ற படத்திற்கு உரிய பெயரை மீட்டுத்தரும் அம்முறையையும் அதன் எல்லையையும் விளக்குகிறது இப்பாடம்.

பெயரிழந்த படங்கள்

முதல் உலகப்போரின்போது எதிரியின் பதுங்குகுழிகளை வேவு பார்ப்பதற்காக விரைந்து வளர்ந்தது வான்வழி ஒளிப்படக்கலை. போர் முடிந்ததும் அக்கலை வணிகத்திற்குப் பயன்படத் தொடங்கியது. 1919ஆம் ஆண்டு பிரான்சிஸ் வில்ஸ், கிளாட் கிரகாம்-ஒயிட் ஆகிய இருவரும் பிரித்தானியாவில் ஏரோஃபிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். தொழிற்சாலைகள், துறைமுகங்கள், நகரங்கள், நாட்டுப்புறங்கள் என அந்நாட்டின் முகம் முழுவதையும் அந்நிறுவனம் வானிலிருந்து படம்பிடித்தது.

2006ஆம் ஆண்டு வரை எடுக்கப்பட்ட 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் அத்தொகுப்பில் சேர்ந்தன. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் பொது மரபுரிமை நிறுவனங்கள் அத்தொகுப்பைப் பெற்றுக்கொண்டன. அவற்றுள் 1919 முதல் 1953 வரை எடுக்கப்பட்ட ஏறத்தாழ 95,000 படங்கள் தூய்மை செய்யப்பட்டு, கணினிவழி எண்ணிமப் படங்களாக மாற்றப்பட்டு, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. பல படங்களுக்கு இடக்குறிப்பு இல்லை. சிலவற்றில் இருந்த குறிப்பும் ஐயத்திற்கு உரியதாக இருந்தது. இடம் தெரியாத படம், முகவரி இல்லாத மடலைப் போன்றது. அதில் எவ்வளவு செய்தி இருந்தாலும் அது உரியவரைச் சென்றடையாது. இடிக்கப்பட்ட ஆலை, அகற்றப்பட்ட நிலையம், மறைந்துபோன தெரு ஆகியவற்றின் ஒரே சாட்சி அந்தப் படமாகவும் இருக்கலாம். எனவே, படங்களைப் பார்த்து இடங்களைக் கண்டறிந்து உதவுமாறு பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். ஓய்வுபெற்ற தொழிலாளர், உள்ளூர் வரலாற்று ஆர்வலர், இருப்புப்பாதை ஆர்வலர் எனப் பலரும் அப்பணியில் இணைந்தனர். இத்தகைய படங்களில் அவர்களுக்குக் கைகொடுக்கும் உறுதியான சான்றுகளுள் ஒன்று இருப்புப்பாதை.

இருப்புப்பாதை ஏன் நல்ல சான்று?

ஒரு நிலப்பரப்பில் மாறாமல் இருப்பவை மிகச் சில. வயலின் எல்லைகள் மாறும்; காடு அழியும்; ஆறு திசைமாறும்; வீடுகள் பெருகும். சாலையும் நம்பத்தக்க அடையாளம் அன்று. செங்குத்தான மேட்டில் ஏறுவதும், குறுகிய மூலையில் திரும்புவதும் சாலைக்கு இயலும். ஆதலால் ஒரே வடிவமுடைய சாலைகள் பல ஊர்களிலும் காணப்படும்.

இருப்புப்பாதைக்கு அத்தகைய உரிமை இல்லை. எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஒரே எஞ்சின் பெரும் பாரத்தை இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். எனவே முதன்மைப் பாதைகளில் ஏற்றம் மிகக் குறைவாகவே அமைக்கப்படும். மலைநாட்டின் ஊடே செல்லும் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையிலும் 100 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் என்பதே ஏற்றத்தின் பொது வரம்பு. நீலகிரி மலைப்பாதையில் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் இருப்பது உண்மை. ஆனால், அங்குத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறுமாறு செய்திருக்கிறார்கள். விதிக்கு விலக்கான அந்த அமைப்பே விதியின் கடுமையைக் காட்டுகிறது.

திருப்பத்திற்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. விரைந்து செல்லும் வண்டி தடம்புரளாமல் இருக்க வேண்டுமானால், பாதை பல நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பகுதிபோல மெல்ல வளைய வேண்டும். இவ்விரு கட்டுப்பாடுகளால் இருப்புப்பாதை மேட்டை வெட்டுகிறது, பள்ளத்தை நிரப்புகிறது, ஆற்றைப் பாலத்தால் கடக்கிறது, மலையைக் குடைகிறது. ஒவ்வோரிடத்திலும் நிலத்தின் இயல்புக்கும் பாதையின் விதிக்கும் இடையே ஏற்படும் உடன்பாடு தனித்தன்மை உடையது. ஒரு மனிதரின் கைரேகை மற்றொருவருக்கு அமையாததுபோல, ஓரிடத்துப் பாதையின் வடிவம் அப்படியே வேறோரிடத்தில் அமைவதில்லை.

தண்டவாளம் அகற்றப்பட்டாலும் அத்தடம் எளிதில் அழிவதில்லை. பிரித்தானியாவின் இருப்புப்பாதைகளைச் சீரமைப்பதற்காக 1963ஆம் ஆண்டு வெளியான பீச்சிங் அறிக்கை, 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. அதையொட்டிப் பல பாதைகள் மூடப்பட்டன. ஆயினும் வயல்களை ஊடறுத்துச் செல்லும் மெல்லிய வளைகோடாகவும், மரங்கள் வரிசையாக வளர்ந்த மண்கரையாகவும், மிதிவண்டிப் பாதையாகவும் அவற்றுள் பல இன்றும் வானிலிருந்து தெரிகின்றன.

முதலில் திசை, பிறகு பெயர்

இடம் தெரியாத படத்தைக் கண்டவுடன் ஊர்ப்பெயரை ஊகிப்பது தவறான தொடக்கம். ஊகம் ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால், அதற்கு ஒத்தவை மட்டுமே கண்ணில் படும், ஒவ்வாதவை மறைந்துவிடும். எனவே, முதலில் படத்தைச் சரியான நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதைச் சோதிப்பது முதற்பணி. பழைய கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால், கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அத்தகைய படத்தை எந்த நிலவரைபடத்தோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது. சுவரிலோ கூரையிலோ எழுத்துகள் இருந்தால் மாற்றம் எளிதில் தெரியும். எழுத்துகள் இல்லாதபோது வண்டியே விடை சொல்லும். பிரித்தானியாவில் இரட்டைப் பாதையில் வண்டிகள் இடப்புறப் பாதையில் செல்வதே வழக்கம். முன்னால் எஞ்சினும் பின்னால் பெட்டிகளுமாக ஓடும் வண்டி வலப்புறப் பாதையில் காணப்பட்டால், படம் இடவலம் மாறியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

அடுத்தது நிழல். பிரித்தானியா கடகக்கோட்டிற்கு மிகவும் வடக்கே இருப்பதால், அங்கு நண்பகலில் சூரியன் எப்போதும் தென்திசையிலேயே நிற்கும். நிழல் வடக்கு நோக்கி விழும். காலை நிழல் மேற்குப் பக்கமும் மாலை நிழல் கிழக்குப் பக்கமும் சாயும். புகைபோக்கி, தூண், மரம் ஆகியவற்றின் நிழலைக்கொண்டு படத்தின் வடதிசையை ஏறத்தாழக் குறித்துவிடலாம். இவ்விதியை எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருத்தக்கூடாது. சென்னை போன்ற வெப்பமண்டல நகரில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். ஆதலால், படம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதையும் கருத்தில் கொண்டே நிழலைப் படிக்க வேண்டும்.

நிழல் மற்றொரு மயக்கத்தையும் உண்டாக்கும். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று எண்ணிப் பழகியது மனிதக் கண். படத்தில் நிழல் பார்ப்பவருக்கு எதிர்ப்புறமாக விழுந்தால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். நிழல் பார்ப்பவரை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பி வைத்தால் மயக்கம் தீரும். பாதை மண்கரையின்மேல் செல்கிறதா, வெட்டுப்பள்ளத்தினுள் செல்கிறதா என்பதை அறிய இது மிகவும் தேவை. அதை உறுதிப்படுத்த எளிய வழியும் உண்டு. பாதை மண்கரையின்மேல் உயர்ந்து சென்றால் சாலை அதன் அடியில் நுழைந்து செல்லும். பாதை பள்ளத்தினுள் சென்றால் சாலை பாலத்தின் வழியாக அதற்கு மேலே கடக்கும். ஒரு முடிவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகள் உறுதிசெய்யும்போதே அது நம்பத்தக்கதாகிறது.

தெரியுமா?

1940ஆம் ஆண்டு ஜெர்மானியப் படையெடுப்பு நிகழக்கூடும் என்று அஞ்சிய பிரித்தானிய அரசு, தொடர்வண்டி நிலையங்களின் பெயர்ப்பலகைகளையும் சாலைகளின் வழிகாட்டிப் பலகைகளையும் அகற்றவோ மறைக்கவோ செய்தது. எதிரிக்கு இடம் தெரியாதிருக்க ஊர்களின் பெயர்கள் மறைக்கப்பட்ட அக்காலத்திலும், வானிலிருந்து பார்த்தால் இருப்புப்பாதையின் வடிவம் மறையாமல் இருந்தது.

அளவை அறிதல்

திசை தெளிவானபின் அளவை அறிய வேண்டும். நேர்க்கீழாக எடுத்த படத்தில், கருவியின் குவியத் தொலைவை வானூர்தி பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவுவிகிதம் கிடைக்கும். 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள கருவியைக் கொண்டு 1,500 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், 1 செ.மீ. என்பது தரையில் 100 மீட்டரைக் குறிக்கும்.

இக்குறிப்புகள் கிடைக்காதபோது, படத்திலேயே ஓர் அளவுகோலைத் தேட வேண்டும். இருப்புப்பாதை அத்தகைய அளவுகோலைத் தன்னுடனே வைத்திருக்கிறது. பிரித்தானிய முதன்மைப் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1,435 மில்லிமீட்டர். தாழப் பறந்து எடுத்த படங்களில் இந்த அகலத்தையே அளக்கலாம். உயரத்திலிருந்து எடுத்த படங்களில் அது மயிரிழைபோல் மெலிந்துவிடும். அப்போது பயணிகள் பெட்டியின் நீளம் உதவும். பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர் என்று தெரிந்தால், படத்தில் 10 பெட்டிகள் சேர்ந்து 2 செ.மீ. நீளம் இருக்கும்போது 1 செ.மீ. என்பது 100 மீட்டர் என்று தெளிவாகும். அப்படத்தில் 4 செ.மீ. நீளமுள்ள பாலம், தரையில் 400 மீட்டர் நீளமுடையது.

சாய்வாக எடுக்கப்பட்ட படத்தில் அருகில் உள்ளவை பெரிதாகவும் தொலைவில் உள்ளவை சிறிதாகவும் தெரியும். ஏரோஃபிலிம்ஸ் படங்களுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ள பொருள்களை மட்டுமே ஒன்றோடொன்று அளந்து ஒப்பிட வேண்டும்.

நிலையத்தின் உறுப்புகள்

படத்தில் நிலையம் இருந்தால் சான்றுகள் பெருகும். நடைமேடைகளின் எண்ணிக்கை, அவை நேரானவையா வளைந்தவையா, பயணிகள் கடக்கும் பாலம் எந்த முனையில் உள்ளது, சரக்குக் கொட்டகை பாதையின் எந்தப் பக்கத்தில் உள்ளது ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நீராவி எஞ்சின் காலத்து நிலையமாயின் நீர்த்தொட்டியும் நிலக்கரிக் குவியலும் எஞ்சின் கொட்டகையும் காணப்படலாம். எஞ்சினைத் திருப்பி நிறுத்தும் சுழல்மேடை, வானிலிருந்து தெளிவான வட்டமாகத் தெரியும். எஞ்சின்களை மாற்றியும் திருப்பியும் அனுப்பும் முக்கியமான நிலையம் அது என்பதற்கு அந்த வட்டம் ஒரு குறிப்பு.

கட்டடங்களின் பாணியும் பேசும். 1923ஆம் ஆண்டுக்கு முன் பிரித்தானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் இருப்புப்பாதை நிறுவனங்கள் இருந்தன. அவ்வாண்டு அவற்றுள் பெரும்பாலானவை நான்கு பெரிய நிறுவனங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டு அவை நாட்டுடைமை ஆயின. பழைய நிறுவனங்கள் தத்தமக்கென நிலையக் கட்டடங்களுக்கும் கைகாட்டி அறைகளுக்கும் தனிப் பாணியைக் கையாண்டன. கூரையின் வடிவைக்கொண்டு இது இன்ன நிறுவனத்தின் பாதை என்று அறிந்தால், தேட வேண்டிய பரப்பு நாடு முழுவதிலிருந்து ஒரு பகுதியாகச் சுருங்கும்.

பிறகு பழைய நிலவரைபடங்களை நாட வேண்டும். 1791ஆம் ஆண்டு தொடங்கிய பிரித்தானிய நில அளவை நிறுவனம், 1:2,500 என்னும் அளவில் வெளியிட்ட வரைபடங்களில் பக்கப்பாதைகளும் கைகாட்டி அறைகளும்கூட இடம்பெற்றுள்ளன. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இத்தகைய பழைய வரைபடங்களை எண்ணிம வடிவில் வழங்குகிறது. மறைந்துபோன ஒரு நிலையத்தைக் காண இன்றைய செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. படம் எடுக்கப்பட்ட காலத்துக்கு நெருங்கிய வரைபடமே நேர்மையான ஒப்பீட்டிற்கு உதவும்.

ஒரு படத்தின் இடம் காணல்

இம்முறை செயற்படும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பின்வரும் காட்சி உள்ள பெயரற்ற படம் ஒன்று கிடைத்ததாகக் கொள்க: மரங்களற்ற அகன்ற புல்வெளிப் பள்ளத்தாக்கு, அதைக் கடக்கும் மெல்ல வளைந்த கற்பாலம், பாலத்தின்மேல் இரட்டைப் பாதை, வெண்புகையுடன் செல்லும் சரக்கு வண்டி, பின்புலத்தில் மலைகள்.

பாலத்தின் வில்வளைவுகளை எண்ணுவதே முதல் வேலை. இங்கிலாந்தின் வெல்வின் பாலத்தில் 40 வில்வளைவுகள் உள்ளன. ஊஸ் பள்ளத்தாக்குப் பாலத்தில் 37. பெரிக் நகரின் ராயல் பார்டர் பாலத்தில் 28. படத்தில் இருப்பவை 24 என்றால், இம்மூன்றும் விலகிவிடும். விலக்குதல் தோல்வி அன்று. ஒவ்வொரு விலக்கமும் உண்மையை நோக்கிய ஒரு படி.

24 வில்வளைவுகள் என்பதைக் கண்டவுடன் யார்க்சயர் மலைப்பகுதியில் உள்ள ரிபிள்ஹெட் பாலம் நினைவுக்கு வரும். அது செட்டில்–கார்லைல் பாதையில் மிட்லண்டு இருப்புப்பாதை நிறுவனத்தால் 1870-களில் கட்டப்பட்டது. ஆனால், எண்ணிக்கை மட்டும் சான்றாகாது. தூண்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். ரிபிள்ஹெட் பாலத்தில் ஆறாவது தூண்தோறும் மற்றவற்றைவிடப் பருமனாக அமைந்துள்ளது. ஒரு தூண் சரிந்தாலும் பாலம் முழுவதும் சரிந்துவிடாமல் காக்கப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அது. படத்திலும் அதே ஒழுங்கில் பருத்த தூண்கள் தெரிந்தால் ஊகம் வலுப்பெறும்.

அடுத்து அளவு. அப்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். பெரும உயரம் ஏறத்தாழ 32 மீட்டர். நீளத்தை வண்டியின் பெட்டிகளைக்கொண்டு சோதிக்கலாம். உயரத்தை நிழலைக்கொண்டு சோதிக்கலாம். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது, சமதரையில் விழும் நிழலின் நீளம் தூணின் உயரத்திற்குச் சமமாக இருக்கும்.

இனிப் பாலத்தை விட்டுவிட்டுப் பாதையைப் பின்தொடர வேண்டும். பாலத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில் ரிபிள்ஹெட் நிலையம் இருக்க வேண்டும். வடக்கே பாதை பிளேமூர் என்னும் மேட்டுநிலத்தை அடைந்து, ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளமுள்ள குகைப்பாதையினுள் மறைய வேண்டும். குகைப்பாதை கண்ணுக்குத் தெரியாது என்று எண்ணுவது பொதுவான பிழை. அதைத் தோண்டும்போது வெளியேற்றிய கற்களும் மண்ணும் மேலே மேடுகளாகக் குவிந்துள்ளன. புகை வெளியேறக் காற்றுக்கிணறுகளும் அமைந்துள்ளன. அம்மேடுகளும் கிணறுகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்து, நிலத்தின் அடியில் செல்லும் பாதையைத் தரையின்மேல் வரைந்து காட்டுகின்றன. வடமேற்கே 736 மீட்டர் உயரமுள்ள வெர்ன்சைடு மலையின் நீண்ட முகடும் பொருந்தினால், இடம் ரிபிள்ஹெட் என்பதில் ஐயம் இராது.

காலத்தையும் அப்படமே ஓரளவு சொல்லும். பாதை பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 1876ஆம் ஆண்டு. 1980-களின் நடுப்பகுதியில் பாலத்தின் சுமையைக் குறைக்க அதன்மேல் இருந்த இரட்டைப் பாதை ஒற்றைப் பாதையாக மாற்றப்பட்டது. எனவே இரட்டைப் பாதையுடன் காணப்படும் படம் அம்மாற்றத்துக்கு முந்தியது. நீராவி எஞ்சின் இழுக்கும் சரக்கு வண்டி அதனினும் முற்பட்ட காலத்தைக் குறிக்கும். பழுதுபார்க்கும் செலவைக் காரணமாகக் காட்டி அப்பாதை முழுவதையுமே மூட அக்காலத்தில் முயற்சி நடந்தது. மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 1989ஆம் ஆண்டு அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

இடம் தெரிந்தபின் படத்தில் மற்றொன்றும் கண்ணில்படத் தொடங்கும். பாலத்தின் அருகே புல்வெளியில் தாழ்ந்த மேடுகளும் நேர்கோட்டுத் தடங்களும் சாய்ந்த வெயிலில் மங்கலாகத் தெரியும். அது பாட்டிமாஸ் என்னும் இடம். பாலத்தையும் குகைப்பாதையையும் கட்டிய தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் குடிசைகளில் வாழ்ந்த குடியிருப்பு அங்கு இருந்தது. விபத்தாலும் பெரியம்மையாலும் இறந்தவர் பலர் அருகிலுள்ள சாப்பல்-லி-டேல் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டனர். பாலம் உலகறிய நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் குடிசைத் தடமோ, இடமறிந்து தேடுபவருக்கே புலப்படுகிறது.

பார்த்தும் காணாதவை

இடம் தெரிந்துவிட்டால் படத்தின் பொருள் முழுவதும் விளங்கிவிடுமா? இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படங்கள் சில இக்கேள்விக்குத் துயரமான விடை தருகின்றன.

1944 ஏப்ரல் 4 அன்று தென்னாப்பிரிக்க வான்படையின் 60ஆம் அணியைச் சேர்ந்த வானூர்தி ஒன்று இத்தாலியிலிருந்து புறப்பட்டு, ஜெர்மனியின் பிடியில் இருந்த போலந்தின் மேல் பறந்தது. மோனோவிட்ஸ் என்னுமிடத்தில் இருந்த செயற்கை இரப்பர், எரிபொருள் தொழிற்சாலையைப் படமெடுப்பதே அதன் நோக்கம். தொழிற்சாலையைத் தொடர்ந்து எடுத்த படங்களில், சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் பதிவாயிற்று. படங்களை ஆய்ந்தவர்களுக்கு இடம் தெரியும், பாதையும் தெரியும். ஆனால், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி தொழிற்சாலையைப் பற்றியது. அவர்கள் கொதிகலன்களையும் குழாய்களையும் எண்ணினார்கள். முகாமின் பொருளை உணரவில்லை. படங்கள் ஆவணப் பெட்டிகளில் உறங்கின.

ஏறத்தாழ 34 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க உளவுத்துறையின் ஒளிப்பட ஆய்வாளர்களான டினோ புருஜியோனி, ராபர்ட் பாய்ரியர் ஆகியோர் அப்படச்சுருள்களைத் தேடி எடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். அவர்களிடம் சிறந்த உருப்பெருக்கிக் கருவிகள் இருந்தன. அவற்றைவிட முதன்மையாக, முகாமிலிருந்து உயிர்தப்பியோர் அளித்த சாட்சியங்கள் இருந்தன. 1944 ஆகஸ்டு 25 அன்று எடுக்கப்பட்ட படத்தில், பிர்க்கனாவ் முகாமின் உள்ளே வரை நீட்டப்பட்ட இருப்புப்பாதையும், அதில் நின்ற தொடர்வண்டியும், அதிலிருந்து இறக்கப்பட்ட மனிதர்கள் எரியூட்டுக்கூடத்தை நோக்கி வரிசையாகச் செல்வதும் தெரிந்தன. 1979ஆம் ஆண்டு அவர்களின் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்ட அம்முகாமுக்கு மக்களைக் கொண்டுசென்ற இருப்புப்பாதை, மறுக்கவியலாச் சான்றாக அப்படங்களில் பதிந்திருந்தது.

1944இலும் 1978இலும் படம் ஒன்றே. மாறியவை கேள்வியும், அக்கேள்விக்குத் துணைநின்ற மனிதச் சாட்சியமும். கருவி எவ்வளவு கூர்மையாக இருப்பினும், எதைத் தேடுகிறோம் என்ற தெளிவு இல்லாதவிடத்துக் கண் முன்னே இருப்பதும் புலப்படாமற் போகும்.

முறையும் பொறுப்பும்

இன்று செயற்கைக்கோள் படங்கள் உலகின் எந்த மூலையையும் திரையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. இணையத்தில் பரவும் படம் ஒன்றுக்குப் பொய்யான இடப்பெயரைச் சூட்டுவதும் எளிதாகிவிட்டது. ஒரு நாட்டில் நிகழ்ந்த விபத்தின் படத்தை வேறொரு நாட்டில் நிகழ்ந்ததாகப் பரப்புவோர் உண்டு. நிழலின் திசை, பாதையின் அகலம், வண்டி செல்லும் பக்கம், பாலத்தின் வில்வளைவுகள் ஆகிய எளிய சான்றுகளைக் கொண்டே அத்தகைய பொய்களுள் பலவற்றை வெளிப்படுத்தலாம்.

இதற்குத் தேவையானவை அரிய கருவிகள் அல்ல. முன்முடிவு இல்லாத பார்வை, பொறுமையான அளவீடு, பொருந்தாத சான்று ஒன்று கிடைத்தாலும் விருப்பமான முடிவைக் கைவிடும் நேர்மை ஆகியவையே தேவை. பெயரிழந்த ஒரு படத்திற்கு அதன் இடத்தை மீட்டுத் தருபவர், அங்கு வாழ்ந்தும் உழைத்தும் மறைந்தவர்களை வரலாற்றில் மீண்டும் இடம்பெறச் செய்கிறார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, பெயரைக் குறிப்பிடாமல் அதன் அடையாளங்களை மட்டும் பட்டியலிடுக. அப்பட்டியலைக்கொண்டு நிலையத்தைக் கண்டறியுமாறு வகுப்புத் தோழர்களிடம் கூறுக.

2. பள்ளி வளாகத்தில் உள்ள கம்பம் ஒன்றின் நிழலைக் காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் அளந்து, அதன் திசையையும் நீளத்தையும் அட்டவணைப்படுத்துக.

3. ‘படம் பொய் சொல்லாது’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் உரையாடுக.